இரண்டு நிலையங்களுக்கிடையே

இசை எது, இரைச்சல் எது என்னும் வினா மிகப் பழையது. அதனை நான் முதலிற் சந்தித்தது நூல்களிலன்று. திருகோணமலையில், பிரதான வீதியிலிருந்து உட்துறைமுகப் பக்கமாக இறங்கும் ஓர் ஒடுங்கிய தெருவில், என் தாயின் இளைய சகோதரர் நடத்திவந்த வானொலி திருத்தும் கடையிலே சந்தித்தேன். விடை அக்கடையிலேயே கிடைத்தது என்பதையும், கிடைத்தபோது அதனை விடையென்று அறியாமற் கெடுத்துவிட்டேன் என்பதையும் உணர எனக்கு நெடுங்காலம் சென்றது.

கடை என்று சொன்னாலும் அது ஒரு திண்ணையும் அதற்குப் பின்னே ஓர் அறையுமே. திண்ணையில் வாங்கு ஒன்று. அறைக்குள் நீண்ட மேசை. அதன்மேல் வயிறு திறந்த நிலையிற் பத்துப் பன்னிரண்டு வானொலிப் பெட்டிகள். ஈயம் உருகும் மணமும் ஸ்பிரித்து மணமும் எப்போதும் கலந்திருக்கும். துறைமுகப் பட்டினத்து வானொலிக்கு நோய் பெரும்பாலும் ஒன்றுதான்: உப்புக் காற்று. திருக்கடலூரிலிருந்து மீனவர் கொண்டுவரும் சிறு திரான்சிற்றர்களின் உள்ளே பற்றறி தொடும் தகடுகள் பச்சை பூத்துக் கிடக்கும். நிலையம் காட்டும் முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருக்கும். அதற்கென விற்கும் நூல் கிடையாத நாட்களில் மாமா தூண்டில் நூலையே முறுக்கிப் போட்டுவிடுவார். கடலாற் கெட்டதைக் கடற்பொருளே திருத்தும் என்பார். பிலிப்ஸ், கிரண்டிக் முதலிய பழைய வால்வு வானொலிகளும் வரும். அவற்றை அவர் கைதொடும் முறையே வேறு. வயது சென்ற உறவினரைத் தாங்கிப் பிடிப்பதுபோலப் பிடிப்பார்.

நான் பதின்மூன்று வயதிலே, 1984ஆம் ஆண்டில், பாடசாலை விட்டதும் அங்கேதான் இருப்பேன். ஊர் அடங்கத் தொடங்கிய காலம் அது. 1983க்குப் பின்னர் விளக்கு வைத்ததும் தெருவில் ஆள் குறைந்துவிடும். கடையின் பலகைகளைச் சாத்திவிட்டு, மாமா தமது சொந்த வானொலியை எடுத்து வைப்பார். கூரையிலிருந்து பின்வளவு வேப்பமரம் வரை இழுத்த செப்புக் கம்பி அதன் அலைவாங்கி. அந்நாளில் எவரும் வானொலியிலே தேடுவது நிலையங்களைத்தான். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் கேட்டார்கள்; எஸ்.பி. மயில்வாகனனாரின் குரலைத் தமிழகத்துச் சிற்றூர்களும் அறிந்திருந்தன என்பது நம்மவர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி. மாமாவோ முள்ளை ஒரு நிலையத்திலே நிறுத்த மாட்டார். ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே கொண்டுபோய் நிறுத்துவார். அங்கே சீழ்க்கை, ஊளை, மணற்கொழிப்புப் போன்ற ஓசை, துறைமுகத்திலே நங்கூரமிட்ட கப்பல்களின் மோர்ஸ் தந்தி, எங்கோ ஒரு நாட்டின் பாட்டு நீருக்கடியிற் கிடப்பதுபோல எழுந்து அமிழ்வது, இவையே இருக்கும். விரலால் ஒரு மயிரிழை திருப்புவார். சீழ்க்கை தாழ்ந்து தாழ்ந்து உறுமலாகி ஓய்ந்துவிடும். இன்னும் ஒரு மயிரிழை. மறுபுறமாக அது மீண்டும் உயரும்.

"மாமா, இதில பாட்டு ஒண்டும் இல்லையே" என்பேன்.

"பாட்டுக்கு நடுவில கிடக்கிறதைக் கேள், மருமோன். பாட்டை எல்லாரும் கேக்கினம்" என்பார்.

பிற்காலத்திலே பௌதிகவியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்த ஓசைகளுக்கெல்லாம் காரணம் சொல்லத் தெரியும். சிற்றலைகள் புவிக்கு மேலேயுள்ள அயன மண்டலத்தில் வளைந்து திரும்பி வருவதால் ஆயிரக்கணக்கான மைல்களைக் கடக்கின்றன. அம்மண்டலம் அசையாத கூரையன்று. ஞாயிற்றின் ஒளிக்கும் இரவின் இருளுக்கும் ஏற்ப உயர்ந்தும் தாழ்ந்தும் நெளியும். ஆகவேதான் தூரத்துக் குரல்கள் அலைபோல மிதக்கின்றன. மணற்கொழிப்பு ஓசையிற் பெரும்பங்கு உலகின் எந்த மூலையிலோ அடிக்கும் மின்னல்களுடையது. சீழ்க்கையோ இரண்டு நிலையங்களின் மீடிறன்கள் ஒன்றையொன்று நெருங்கும்போது அவற்றின் வேறுபாடு செவிக்குப் புலனாவது. அடிப்பு என்று பாடநூலிலே படிக்கிறோமே, அதுவே. நமது வானொலிப் பெட்டிகள் வேலை செய்வதும் இத்தத்துவத்தினாலேதான். வரும் அலையோடு பெட்டியே உண்டாக்கும் இன்னோர் அலையைக் கலந்து, வேறுபாட்டைப் பெரும்பாலும் 455 கிலோஹேட்ஸ் அளவில் எடுத்து, அதனைப் பெருக்கி, அதிலிருந்து குரலைப் பிரிக்கின்றன. இவ்வளவும் சொன்ன பின்பும், மாமா எதற்காக அதனைக் கேட்டார் என்பதைப் பௌதிகம் சொல்வதில்லை.

கேட்டதோடு நில்லாமல் அவர் அவற்றை ஒலிப்பதிவும் செய்தார். ஒலிப்பதிவுக் கருவியின் மைக்கை வானொலியின் முன்னே ஒரு தலையணைமேல் வைத்துக் கசெற்றுகளிலே பதிவார். ஒவ்வொன்றின் முதுகிலும் தேதியும் நேரமும் மீடிறனும் அவருடைய சரிந்த கையெழுத்தில் இருக்கும். பதிந்து முடிந்ததும், கசெற்றின் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்ரிக் இதழ்களையும் சோல்டரிங் அயன் நுனியால் நெம்பி உடைத்துவிடுவார். அவ்விதழ் இல்லையேல் அக்கசெற்றிலே மறுபடி எவரும் பதிய முடியாது என்பதைப் பழைய வாசகர் அறிவர். இவ்வாறு முப்பதுக்கு மேற்பட்ட கசெற்றுகள் ஒரு பிஸ்கற் தகரத்துள் இருந்தன. வீட்டார் இதனை ஒரு வகைக் கிறுக்கு என்றே கருதினர். "பாட்டில்லாத றெக்கோட்" என்று என் அம்மம்மா அயலவருக்குச் சொல்லிச் சிரிப்பார்.

அதே காலப்பகுதியில் நிலாவெளிக்கு அப்பால் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி தனக்கென ஓர் அஞ்சல் நிலையத்தை அமைத்தது. கொலோன் நகரிலே பேசப்படுவது எங்கள் கடற்கரையிலிருந்து ஆசியாவெங்கும் மறு ஒலிபரப்பாகும் என்று சொல்லிக்கொண்டார்கள். கம்பங்கள் எழுவதைப் பார்க்க மாமா என்னைச் சைக்கிளின் முன்தண்டில் ஏற்றிக்கொண்டு போனார். கொலோன் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். "நிலாவெளிக்குக் கொஞ்சம் அங்கால" என்றார்.

1985இல் ஒருநாள், கோயில் ஒன்றின் ஒலிபெருக்கியைத் திருத்துவதற்காக அவர் லோஞ்ச் ஏறி மூதூருக்குப் போனார். திரும்பவில்லை. இறங்குதுறையிலே கண்டதாகச் சிலர் சொன்னார்கள். காணவில்லை என்று சிலர் சொன்னார்கள். அக்காலத்தில் இதற்குமேல் அறிவதற்கு வழியிருக்கவில்லை; பின்னரும் இருக்கவில்லை. அம்மம்மா தாம் இறக்கும்வரை பின்கதவை உட்தாழிடாமலே உறங்கினார்.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும். 1986இன் பிற்பகுதியிலே 'புன்னகை மன்னன்' படத்தின் பாடல்கள் வானொலியில் வரத் தொடங்கின. வெற்றுக் கசெற் வாங்கக் காசில்லை. பிஸ்கற் தகரம் கட்டிலின் கீழ் இருந்தது. இதழ் உடைந்த துவாரங்களைக் கடதாசித் துண்டால் அடைத்து ஒட்டுநாடா போட்டால் மீண்டும் பதியலாம் என்பதை எனக்குக் கற்றுத்தந்தவரும் மாமாவே. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் அடைத்தேன். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றின்மேலும் சினிமாப் பாடல்களைப் பதிந்தேன். அழிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவற்றில் அழிப்பதற்கு ஏதும் இருப்பதாகவே தோன்றவில்லை. ஒரேயொரு கசெற்றை மட்டும் விட்டுவைத்தேன். நாடா சிக்கிக் கசங்கி அது ஓடாது என்பதே அதற்குக் காரணம். அந்தப் படத்திலே இளையராஜா கணினியின் துணைகொண்டு இசை கோத்திருந்தார் என்பதும், இலத்திரனியல் இசையொன்றை அழித்து இலத்திரனியல் இசையொன்றைத்தான் நான் பதிந்திருந்தேன் என்பதும் மிகப் பிந்தித் தெரிந்த செய்திகள்.

1990இன் இடப்பெயர்விலே வீடு போயிற்று, தகரமும் போயிற்று. நம்மூர்க் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அந்நாளில் ஒரு பை ஆயத்தமாக வைத்திருந்தன. பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி, கலியாணப் படம் ஆகியவற்றைத் தாங்கிய பை. எங்கள் பையைப் பிரித்தபோது உறுதிகளுக்கிடையே அந்தச் சிக்கிய கசெற் இருந்தது. அதனை அங்கே வைத்தவர் அம்மா. தம்பியின் கையெழுத்து உள்ள பொருள் வேறொன்றும் தம்மிடம் இல்லை என்றார்.

பேராதனையிலே படித்த காலத்தில், ஒரு விடுமுறையின்போது, கொழும்பிலுள்ள ஜேர்மன் கலாசார நிலையத்தில் இசைத்தட்டுக் கேட்கும் கூட்டம் ஒன்றுக்கு நண்பரொருவர் அழைத்துச் சென்றார். குளிரூட்டிய மண்டபம் என்பதே நான் சென்றதற்கு முதற்காரணம். அன்று வைத்த தட்டுகளில் ஒன்று கார்ல்ஹைன்ஸ் ஸ்டொக்ஹவுஸன் 1968இல் ஆக்கிய 'கூர்ட்ஸ்வெல்லன்' என்பது. அச்சொல்லுக்குச் சிற்றலைகள் என்று பொருள். தொடங்கிச் சில கணங்களுள்ளே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது எங்கள் கடை. அதே சீழ்க்கை, அதே தாழ்ந்து ஓய்ந்து மறுபுறம் எழும் ஊளை, அதே அமிழ்ந்த பாட்டு. பக்கத்திலிருந்தவர் நெளிந்தார், சிலர் எழுந்து போயினர். நான் மட்டும், ஒரு நாகரிக மண்டபத்தில், ஐரோப்பியப் புத்திசையைக் கேட்டு, காரணம் சொல்ல முடியாமற் கண் கலங்கியிருந்தேன்.

அந்த ஆக்கத்தின் முறையைப் பின்னர் தேடிப் படித்தேன். ஆறுபேர் கொண்ட குழு. பியானோ, வயோலா, பெருங்கைத்தட்டு, இலத்திரனியல் வாத்தியம் முதலியன. வாசிக்கவேண்டிய சுரங்கள் எழுதப்படவில்லை. கலைஞர் சிற்றலை வானொலியைத் திருப்பி அகப்படும் ஒலியைப் பிடிக்கிறார். அதனைத் தம் வாத்தியத்திலே பின்பற்றுகிறார். எழுதப்பட்டிருப்பவை கூட்டற்குறி, கழித்தற்குறி, சமக்குறி போன்ற அடையாளங்களே. கூட்டற்குறி வந்தால் முன்னதைவிட உயர்வாகவோ, நீளமாகவோ, உரத்தோ, மிகுந்த பகுதிகளோடோ வாசிக்கவேண்டும். கழித்தற்குறி வந்தால் எதிர்மாறு. மேடையேறும்வரை என்ன ஒலிக்கும் என்பதை ஆக்கியோனே அறியான்.

ஸ்டொக்ஹவுஸன் 1928இல் கொலோனை அடுத்த ஊரொன்றிலே பிறந்தவர். 1952இல் பாரிஸில் மெசியானிடம் கற்றார். அந்த மெசியான், பதின்மூன்றாம் நூற்றாண்டின் சார்ங்கதேவர் சங்கீத ரத்னாகரத்தில் வகுத்த நூற்றிருபது தேசி தாளங்களைத் தம் இசைக்கு ஊற்றாகக் கொண்டவர் என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று. 1953 முதல் ஸ்டொக்ஹவுஸன் கொலோன் வானொலியின் இலத்திரனியல் இசைக் கூடத்திலே பணிபுரிந்தார். அக்கூடத்தின் தொடக்ககால உபகரணங்கள் இசைக்கென ஆக்கப்பட்டவையல்ல. வானொலிப் பொறியியலாளர் சோதனைக்குப் பயன்படுத்தும் அலையியற்றிகளும் வடிகட்டிகளும் ஒலிப்பதிவு நாடாவும் கத்தரியுமே. மாமாவின் மேசையிலும் ஓர் அலையியற்றி இருந்தது. 1956இல் அரங்கேறிய 'இளைஞர் பாடல்' என்ற ஆக்கத்தில், தீச்சூளையிலே எறியப்பட்டும் வேகாத மூவரைப் பற்றிய விவிலியப் பகுதியை ஒரு சிறுவன் பாடிய குரல், துண்டு துண்டாக வெட்டப்பட்டு, தூய மின்னொலிகளோடு இழைந்து, கேட்போரைச் சூழ வைத்த ஒலிபெருக்கிகளிலிருந்து சுழன்று வருகிறது. பாலனாகவே பாடிய சம்பந்தர் பதிகம் பெற்ற தலத்திலே பிறந்தவனுக்கு, சிறுவன் குரலிலே தெய்வத்தைப் பற்றிப் பாடுவது அந்நியமாகத் தோன்றவில்லை. நரம்பை உருவி வீணை செய்த இராவணன் கதையும் அந்த மலையடிவாரத்துக் கதைதானே.

அவருடைய வாழ்க்கையிலே ஒரு பகுதியை நான் இரண்டுமுறை படித்தேன். மனநோயுற்ற தாயை 1941இல் நாசி அரசு கொன்றது. நோயாளரைக் கொல்லுவதற்கென்றே வகுக்கப்பட்ட திட்டத்தின்கீழ். போர்முனைக்குச் சென்ற தந்தை 1945இல் ஹங்கேரியிலே காணாமற்போனார். பிள்ளையோ பதினாறு வயதிலே போர்க்கள மருத்துவமனையில் காயப்பட்டோரைத் தூக்கிச் சுமந்தவர். இரைச்சலிலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுக்க ஒருவர் வாழ்நாளெல்லாம் முயன்றதற்கு இது காரணம் என்று நான் வாதிட மாட்டேன். அத்தகைய விளக்கங்கள் எளிதிலே வருவன, ஆகவே ஐயத்துக்குரியன. ஆயினும் காணாமற்போதல் என்ற சொல்லின் எடையை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இலங்கைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1970இல் ஜப்பானின் ஒசாக்காவிலே நடந்த உலகக் கண்காட்சியில், ஜேர்மன் மண்டபமாக அமைந்த கோளவடிவ அரங்கிலே, அவருடைய இசை நாளொன்றுக்கு ஐந்தரை மணிநேரம் வீதம் 183 நாட்கள் நிகழ்ந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் கேட்டனர். அவ்வாண்டிலேயே அவர் இத்தீவுக்கும் வந்து, 'வருங்காலத்துக்காக' என்ற தொகுப்பிலே 'சிலோன்' என்ற பெயரில் ஓர் ஆக்கத்தை எழுதினார். சுரங்கள் இல்லை, வாசிப்போர்க்குச் சில வாக்கியங்களில் அறிவுறுத்தல் மட்டுமே. எழுபதுகளின் நடுப்பகுதியில் அது இசைத்தட்டாக வந்தபோது, வெளியிட்டது கிறிசாலிஸ் என்ற ரொக் இசை நிறுவனம். அத்தட்டிலே ஸ்டொக்ஹவுஸன் தாமே கண்டி மேளம் வாசிக்கிறார். ஒருமுறை கேட்டேன். உண்மையைச் சொன்னால், அவருடைய மேளம் பெரிதாக ஒன்றும் இல்லை. பெரஹராவிலே கடைசி வரிசையிற் செல்லும் சிறுவன் கூட அதனிலும் திருத்தமாக அடிப்பான். ஆனால் அந்த மேளத்தின் பின்னே மெல்ல மெல்ல எழும் மின்னொலிகள் வேறு. அவை ஒரு மழைக்காட்டின் இரவைப் போல இருந்தன.

உலகம் முழுவதுக்குமான ஒரே இசையைத் தாம் ஆக்குவதாக ஸ்டொக்ஹவுஸன் நம்பினார். அந்நம்பிக்கையோடு எனக்கு உடன்பாடில்லை. உலகம் முழுவதும் என்று சொல்பவர் தாம் நிற்கும் இடத்தை மறந்துவிடுகிறார். எனக்கு நெருங்கியவர் அவருடைய மாணாக்கருள் ஒருவரே. ஹொல்கர் சூக்காய் என்பது பெயர். ஜேர்மனியிலே மேற்படிப்புக்குச் சென்ற நண்பரொருவர் அவருடைய இசைத்தட்டொன்றை அனுப்பி, 'இவர் இளமையிலே வானொலி திருத்தும் கடையில் வேலை செய்தவர். உனக்குப் பிடிக்கும்' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகவே தட்டைக் கேட்டேன்.

சூக்காய் 1938இல் டன்சிக் நகரிலே பிறந்தவர். போர் முடிவிலே அந்நகரிலிருந்து ஜேர்மன் மக்கள் பெயர்க்கப்பட்டபோது அவருடைய குடும்பமும் அகதியாயிற்று. கடையிலே ஈயம் உருக்கிய கை பின்னர் 1963 முதல் 1966 வரை ஸ்டொக்ஹவுஸனிடம் பயின்றது. ரொக் இசையை அவர் தாழ்வாகவே எண்ணியிருந்தார். அவரிடம் இசை கற்ற மிக்கேல் கறோலி என்ற இளைஞர், பீற்றில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட 'ஐ ஆம் த வால்ரஸ்' பாடலை அவருக்குப் போட்டுக்காட்டினார். அப்பாடலின் இறுதியிலே வானொலியில் அவ்வேளை ஒலிபரப்பாகிக்கொண்டிருந்த 'லியர் அரசன்' நாடகத்தின் குரல்கள் அப்படியே கலக்கப்பட்டுள்ளன. ஆசிரியர் மாணவரிடம் கற்றுக்கொண்ட நேரம் அது. 1968இல் சூக்காய், கறோலி, ஸ்டொக்ஹவுஸனின் இன்னொரு மாணாக்கரான இர்மின் ஷ்மித், ஜாஸ் மேளக்காரரான யாக்கி லீபெட்சைட் ஆகியோர் கொலோனிலே 'கான்' என்ற குழுவைத் தொடங்கினர்.

கான் குழு இயங்கிய விதம் சுவையானது. பாட்டை எழுதி வைத்து வாசிப்பதில்லை. மணிக்கணக்கிலே கூடி வாசிப்பர், நாடா ஓடிக்கொண்டேயிருக்கும். பின்னர் சூக்காய் கத்தியை எடுத்து நாடாவை வெட்டி ஒட்டி அதிலிருந்து பாட்டைப் பிரிப்பார். 1971இன் 'டாகோ மாகோ' இரட்டைத் தட்டு இவ்வாறே உருவாயிற்று. அவ்வாண்டிலிருந்து அவர்களுடைய கூடம் கொலோனுக்கு அணித்தான வைலர்ஸ்விஸ்ற் என்ற ஊரின் பழைய படமாளிகை. எதிரொலியை அடக்கச் சுவரெங்கும் பழைய இராணுவ மெத்தைகளை அறைந்திருந்தார்களாம். லீபெட்சைட்டின் மேளம் மாறாத ஒரே அடியைக் கடிகாரம் போலச் சுற்றிக்கொண்டிருக்கும். அதனைக் கேட்டால், திருவிழாவிலே தவிலின் தனியாவர்த்தனத்துக்குப் பழகிய நம் காது முதலிற் பொறுமையிழக்கும். கால்மணிநேரம் பொறுத்தால் பயன் உண்டு.

1977 அளவில் சூக்காய் தம் வாத்தியமான பேஸ் கித்தாரைக் கீழே வைத்துவிட்டு, மேடையிலே சிற்றலை வானொலியைத் தம் வாத்தியமாகக் கொண்டார். ஆசிரியருக்கு வானொலி ஒரு தத்துவம். இவருக்கு அது விளையாட்டுத் தோழன். வாசிக்கும் வேளையில் முள்ளைத் திருப்பி வருவதை ஏற்று அதனோடு உரையாடுவார். 1979இல் வெளிவந்த 'மூவீஸ்' என்ற தட்டிலே 'பாரசீகக் காதல்' எனப் பொருள்படும் ஒரு பாட்டு உண்டு. சிற்றலையிலே தற்செயலாகப் பிடித்த ஈரானியப் பாடகரின் குரலைச் சுற்றி அவர் கித்தாரையும் மேளத்தையும் கட்டினார். பாடகர் அறியாத வாத்திய கோஷ்டி. வாத்தியக்காரர் அறியாத பாடகர்.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். அதற்கு முன்பே, 1969இல், அவர் 'கனாக்ஸிஸ்' என்ற ஆக்கத்திலே வியட்நாமியப் பெண்களின் பாடலை எடுத்தாண்டார். ஆசிரியர் வீட்டுக்குப் போனபின் இரவிலே கொலோன் வானொலிக் கூடத்துள் கள்ளமாக நுழைந்து அதனைச் செய்ததாகப் பின்னாளிற் சொல்லியிருக்கிறார். கதை நகைச்சுவையாகவே இருக்கிறது. ஆனால் அதே இரவுகளிலே அப்பெண்களின் நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. பாடியவர்களின் பெயர் தட்டிலே இல்லை. ஈரானியப் பாடகரின் பெயரும் இல்லை. ஸ்டொக்ஹவுஸனுக்கு மேளம் பிடிக்கக் காட்டிக்கொடுத்த கண்டிக் கலைஞர் ஒருவர் இருந்திருப்பின், அவர் பெயரும் எங்கும் இல்லை. ஐரோப்பிய இசை வரலாற்றிலே நம் பகுதியின் ஒலிகள் இடம்பெறுகின்றன, மனிதர் இடம்பெறுவதில்லை. இந்தியாவிலே கூட, அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் டேவிட் ரியூடர் என்ற அமெரிக்கர் மூக் ஒலியியற்றியோடு கூடமொன்றை நிறுவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்துர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே ஆக்கியவை நிறுவனத்தின் அலுமாரியிலே அரை நூற்றாண்டு காலம் கிடந்து 2023இலேதான் தட்டாக வந்தன. அவை அலுமாரியிலாவது இருந்தன. அவற்றின்மேல் சினிமாப் பாட்டுப் பதிவதற்கு வீட்டிலே ஒரு பதினைந்து வயதுப் பையன் இருக்கவில்லை.

என் மாமா ஸ்டொக்ஹவுஸன் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவரை மேதையென்று நிறுவுவது என் நோக்கமன்று. ஒரே வகைக் கருவியைக் கையாளும் இருவர், ஒருவர் கொலோனிலும் ஒருவர் திருகோணமலையிலும், ஒரே ஒலியிலே மனத்தைப் பறிகொடுப்பது இயல்பே. சூக்காய்க்குக் கத்தியும் கூடமும் கூட வாசிக்க நண்பர் மூவரும் இருந்தனர். மாமாவுக்கு ஒரு தலையணையும் ஒரு பிஸ்கற் தகரமும் இருந்தன. அவை கலையாக மலர்ந்திருக்குமா என்று எவராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாதபடி செய்தவன் நான்.

2007 திசெம்பரிலே ஸ்டொக்ஹவுஸன் இறந்தார். 2017 செப்ரெம்பரில் சூக்காய் அந்தப் பழைய படமாளிகையிலேயே இறந்து கிடக்கக் காணப்பட்டார். நிலாவெளிக்கு அப்பாலுள்ள நிலையத்திலிருந்து கொலோனின் குரல் வருவதும் அதற்குமுன்னரே நின்று, அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்திருந்தது. சூக்காயின் மறைவுச் செய்தியைப் படித்த இரவிலேதான் நான் அம்மாவின் பையிலிருந்த கசெற்றை எடுத்தேன். அதுவரை, அதனை ஓடவைக்க முயன்று அறுத்துவிடுவேனோ என்ற அச்சம் ஒருபுறம். ஓடினால் என்ன கேட்குமோ என்ற அச்சம் மறுபுறம்.

கசெற்றின் ஐந்து சிறு திருகாணிகளையும் கழற்றினேன். கசங்கிய இரண்டடி நாடாவை விரலால் நீவினேன். இயலாத பகுதியைச் சவர அலகால் வெட்டி, முனைகளை ஒட்டினேன். வேறொரு கூட்டுக்குள் வைத்து மூடினேன். முதுகிலே எழுதியிருந்தது: 11.10.84, இரவு 8.40, 31 மீற்றர். வீட்டிலே வேறெவரும் இல்லாத நேரம் பார்த்துப் போட்டேன்.

நாற்பத்தொரு நிமிடங்கள் ஓடுகிறது. நாடா பழுதானதால் எல்லாம் சற்றே மங்கலாக இருக்கிறது. முதலிலே நெடுநேரம் மணற்கொழிப்பு. பின்னர் ஒரு சீழ்க்கை. அது தாழ்கிறது, ஓய்கிறது, மறுபுறம் எழுகிறது, நின்று, மறுபடி தாழ்கிறது. சிறுவயதிலே இதனைத் தற்செயல் என்று நினைத்திருந்தேன். தற்செயலன்று. அவர் விரல் அதனைத் தாழ்த்துகிறது, உயர்த்துகிறது. ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சற்றே நீளமாக. கூட்டற்குறி, கூட்டற்குறி, சமக்குறி என்று என் மனம் தன்னையறியாமலே எண்ணுகிறது. மைக் திறந்தவெளியில் இருந்தமையால் தெருவும் பதிந்திருக்கிறது. ஒரு சைக்கிள் மணி. காளி கோயிலின் இரவுப் பூசை மணி. கூரைத் தகட்டிலே மழை தொடங்கி விடுவது. துறைமுகத்திலே ஒரு கப்பலின் நீண்ட ஊதல். அதற்கு மாமா வானொலியின் சீழ்க்கையை அதே சுருதிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார். சேர்த்து அங்கேயே நிறுத்துகிறார்.

இருபத்தாறாவது நிமிடத்தில், உடைந்துகொண்டிருக்கும் ஒரு பையனின் குரல், "மாமா, இது எந்த ஸ்ரேசன்?" என்று கேட்கிறது. அது என் குரல். மறுமொழியாக, "ஸ்..." என்று ஓர் ஓசை. பேசாதே, ஒலிப்பதிவு நடக்கிறது என்பதற்கான ஓசையாக இருக்கலாம், மின்னலோசையாகவும் இருக்கலாம். வடிகட்டிகளிட்டும், வேகத்தைக் குறைத்தும், அலைவடிவத்தை மாணவர் ஆய்வுகூடத்துத் திரையிலே விரித்தும் பார்த்துவிட்டேன். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. அவர் எங்கே முடிந்து வானொலி எங்கே தொடங்குகிறது என்பதை என்னாற் பிரிக்க முடியவில்லை.

அக்கசெற்றின் இதழ் துவாரங்கள் இரண்டும் இன்றும் திறந்தபடியே இருக்கின்றன.